வாசித்துக் காட்டப்பட்டது

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதி வைத்தது எழுந்து வந்து சாட்சி சொல்லும் என்று எங்கள் அப்பாரு அடிக்கடி கூறுவார். அவர் தாராபுரத்தில் 1968 முதல் 2009 வரை, 41 ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். சென்ற தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் நமக்கு விட்டுச் சென்றது என்ன என்று உறவினர் பலரும் கேட்டனர். வீடும் தோட்டமும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் சமமாகப் பிரிந்தன. அட்டாலியின் மேலிருந்த ஒரு தகரப் பெட்டி மட்டும், யாரும் கேளாததால், பேத்திகளாகிய எங்கள் இருவருக்கும் வந்து சேர்ந்தது.

பெட்டியைத் திறந்தபோது வேப்பிலைச் சருகும் பாச்சை உருண்டை வாசமும் முதலில் வந்தன. உள்ளே 37 நோட்டுப் புத்தகங்கள். அப்பாரு தம் கையால் எழுதிய ஒவ்வொரு பத்திரத்தைப் பற்றியும் சில வரிகள் அவற்றில் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஒரு சிறு சிலுவை. அதன் கீழே ஆண்டு. பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் திண்ணையில் அமர்ந்து அவற்றை வரிசையாகப் படித்தோம். அக்காள் பதினோராம் வகுப்பு; தங்கை ஒன்பதாம் வகுப்பு. பாடப் புத்தகத்தில் கிடைக்காத ஒரு பாடத்தை அந்த நோட்டுகளில் கற்றோம். அதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். பிறருடைய சொத்து விவரங்கள் அவற்றில் இருப்பதால், எந்தப் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

பத்திர எழுத்தர் என்றால் யார்? யாழ்ப்பாணத்திலோ பிரான்சு நாட்டிலோ இருந்தால் எங்கள் அப்பாருவின் வேலையை நொத்தாரிசு என்பவர் செய்திருப்பார். இலங்கையில் நிலத்தை விற்கும் உறுதியை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையாக நின்று முடிக்க வேண்டும் என்பது 1840-ஆம் ஆண்டுச் சட்டம். உறுதியின் ஒரு படியை நொத்தாரிசே தம்மிடம் வைத்துக் காப்பார். நம் நாட்டிலும் 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோட்டரி பப்ளிக் உண்டு; ஆனால் அவர் பெரும்பாலும் வழக்கறிஞர்; உறுதிமொழிப் பத்திரத்துக்கும் நகலுக்கும் சான்று அளிப்பவர். காடு கழனி வாங்கவும் விற்கவும் நம் கிராமத்து மக்கள் தேடிப் போவது பத்திர எழுத்தரையே. அவர் எழுதுகிறார், சார்பதிவாளர் பதிவு செய்து காக்கிறார். 1982-ஆம் ஆண்டு விதிகள் வந்தபின் இவ்வேலைக்கு அரசு உரிமம் உண்டு. அதற்கு முன்பே, ஒரு முதிய எழுத்தரின் பக்கத்தில் அமர்ந்து மை தொட்டுக் கொடுத்து, நகல் எடுத்து, தொழில் கற்றவர் எங்கள் அப்பாரு.

அலங்கியத்திலிருந்தும் கொளத்துப்பாளையத்திலிருந்தும் தளவாய்ப்பட்டினத்திலிருந்தும் காலைப் பேருந்தில் வந்து இறங்குவார்களாம். மடியில் பழைய பத்திரம், கையில் முத்திரைத்தாள், கூட இரண்டு சாட்சிகள். வாடகைத் திண்ணையில் சாய்வு மேசை போட்டு அப்பாரு அமர்ந்திருப்பார். முதலில் சர்வே எண். பின்பு செக்குபந்தி என்கிற நான்கெல்லை. வடக்கே இட்டேரி, கிழக்கே இன்னார் தோட்டம், தெற்கே வாய்க்கால், மேற்கே மாமூல் வண்டித்தடம் என்று அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, நாங்கள் போகாத காடுகளிலெல்லாம் நடந்து திரிந்ததுபோல் இருந்தது. கிளுவை வேலியும் பங்குக் கிணறும் தண்ணீர் முறையும் அங்கே உயிரோடு இருக்கின்றன.

இன்னொன்றும் கண்டு வியந்தோம். 1968-இல் ஒவ்வொரு குறிப்பும் 'கோயமுத்தூர் ஜில்லா' என்று தொடங்குகிறது. 1979-க்குப் பின் 'பெரியார் மாவட்டம்' என்றாகிறது. அடுத்து 'ஈரோடு மாவட்டம்'. கடைசி நோட்டில், 2009-இல், 'திருப்பூர் மாவட்டம்'. ஏக்கரும் சென்டும் இருந்த இடத்தில் ஹெக்டேர் வந்துவிட்டது. நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. அமராவதி அதே படுகையில்தான் ஓடுகிறது. பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் எழுதிக் காப்பது இன்றியமையாதது என்று எங்களுக்குப் புரிந்தது.

எழுதிய பத்திரம் எங்கே போகிறது? 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். எழுதிக் கையெழுத்திட்ட நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். நிலம் பற்றியவை முதலாம் புத்தகத்தில் ஏறும். அதை எவரும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரும் அவரால் அதிகாரம் பெற்றவரும் தவிர வேறு எவரும் அதன் நகலைப் பெற முடியாது. வெளிப்படையாக வேண்டியதை வெளிப்படையாகவும், மறைவாக இருக்க வேண்டியதை மறைவாகவும் வைத்த அந்த ஒழுங்கை நாங்கள் மெச்சினோம். இன்று வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது.

மூலமும் நகலும் வைத்துக் காக்கும் இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. பெரிய புராணத்தில், சுந்தரரைத் தம் அடிமை என்று வாதிட்டு வந்த முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் முதியவர் மூல ஓலையை எடுத்துக் காட்ட, பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நம் வேதாகமத்திலும் இது உண்டு. எருசலேம் முற்றுகைக்கு உள்ளாகியிருந்த நாளில், இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்து ஊர் நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். முத்திரையிட்டதும் திறந்ததுமான இரண்டு படிகளையும் மண்பாண்டத்தில் வைத்துக் காக்கும்படி பாரூக்கிடம் ஒப்படைக்கிறார். எரேமியா ஆகமம் 32-ஆம் அதிகாரத்தை ஞானோபதேச வகுப்பில் படித்தபோது, எங்கள் தகரப் பெட்டிதான் எங்கள் கண்முன் வந்தது.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு ஊன்றுவார்கள். இந்தக் கைநாட்டு உலகுக்குப் பரவியதில் நம் நாட்டுக்குப் பங்குண்டு. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1858-இல் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரரின் உள்ளங்கை முழுவதையும் பதித்து வாங்கினார். பின்னர் 1877-இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கு விரல் ரேகையைப் பயன்படுத்தினார். ஒருவரின் ரேகை மற்றவருக்கு இராது. ஆகவே ஆள்மாறாட்டம் செய்ய இயலாது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் படித்தவர், படியாதவர் எல்லோரும் புகைப்படம் ஒட்டி ரேகையும் வைக்க வேண்டும் என்றாயிற்று. "இப்பத்தான் கலெக்டரும் கைநாட்டு, களையெடுக்கறவளும் கைநாட்டு" என்று அப்பாரு சிரிப்பாராம்.

ஆனால் ரேகை ஒன்றை மட்டுமே சொல்லும்: வைத்தவர் இவர்தான் என்று. வைத்தவருக்கு அது என்னவென்று தெரியுமா என்பதை ரேகை சொல்லாது. இங்குதான் நாங்கள் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

நோட்டுகளில் ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் சிவப்பு மையில் 'வா.கா.' என்று இரண்டு எழுத்துகள் இருந்தன. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. அப்பாதான் விளக்கினார்: "வாசித்துக் காட்டப்பட்டது." பத்திரத்தை முழுவதும் உரக்க வாசித்துக் காட்டி, எழுதிக் கொடுப்பவர் தம் சொந்த வார்த்தையில் அதன் சாரத்தைத் திருப்பிச் சொன்ன பிறகே அப்பாரு மைப் பெட்டியைத் திறப்பாராம். பேருந்து போய்விடும் என்று சாட்சிகள் முணுமுணுத்தாலும் விடமாட்டாராம். வீட்டிலும் அதே பழக்கம். எங்கள் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வாங்கப் போனால், "வாசிங்க அம்மிணி" என்பார். கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை நாங்களே உரக்க வாசித்த பிறகுதான் பேனா மூடி கழலும். அந்த வேதனையைத் தோழியர் உணர்வீர்கள்!

1972 முதல் எல்லாக் குறிப்பிலும் வா.கா. இருக்கிறது. அதற்கு முந்தைய நோட்டுகளில் ஒன்றிலும் இல்லை. ஏன் என்று தேடிப் பின்னோக்கிப் போனோம். 1971 ஜூலை மாதத்து ஒரு குறிப்பில் மட்டும், பல ஆண்டு கழித்து எழுதியது போன்ற வேறு மையில், 'வா.கா. இல்லை' என்று அப்பாருவின் கையெழுத்தில் இருந்தது. அது ஒரு விடுதலைப் பத்திரம். தகப்பனார் உயில் எழுதாமல் காலமானபடியால், மேட்டாங்காடு 4 ஏக்கர் 50 சென்டில் தமக்குள்ள பாத்தியத்தை, 500 ரூபாய் ரொக்கம் பெற்றுக்கொண்டு, சகோதரர்கள் இருவருக்கும் விட்டுக்கொடுத்து ஒரு பெண் எழுதிக் கொடுத்தது. கைநாட்டு வைத்தவர் எங்கள் அத்தைப்பாட்டி, அப்பாருவின் ஒரே தங்கை. எழுதியவர் அப்பாரு. எழுதி வாங்கிக்கொண்ட இருவரில் ஒருவரும் அப்பாருவே.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நோட்டை மூடி வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றிற்று. எங்கள் அப்பாருவை ஊரே நேர்மையானவர் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு நாள் பொறுத்து, அத்தைப்பாட்டியிடமே போய்க் கேட்டோம். அவருக்கு இப்போது வயது 70-க்கு மேல். வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்:

"எனக்குக் கண்ணாலம் ஆன வருசம், அம்மிணி. அண்ணன் கூட்டியாந்து உக்கார வெச்சாரு. 'இதுல வெய்யி' ன்னாரு, வெச்சேன். ஆபீசர் 'எழுதிக் குடுத்தது நீங்கதானா'ன்னு கேட்டாரு, 'ஆமாங்க'ன்னேன். ஐந்நூறு ரூவாயெல்லாம் நான் பாக்கலை. ஒரு நூல் சேலை எடுத்துக் குடுத்தாங்க. சீர் செஞ்சாச்சில்ல, இன்னம் என்ன பொட்டப் புள்ளைக்குன்னு அம்மாவே சொன்னாங்க. என்ன எழுதியிருக்குதுன்னு கேக்கோணும்னே எனக்குத் தோணலை."

சட்டம் என்ன சொல்கிறது என்று நாங்கள் விசாரித்தோம். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மகன், மகள் என்ற வேற்றுமை அதில் இல்லை. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 4 ஏக்கர் 50 சென்டில் பாட்டிக்கு ஒன்றரை ஏக்கர். மீதி 3 ஏக்கர், மூன்று பிள்ளைகளுக்கு. ஆக, அத்தைப்பாட்டிக்குச் சேர வேண்டியிருந்தது சரியாக 1 ஏக்கர். அவரும் இதை எந்நாளும் அறிந்திருக்கவில்லை.

அத்தைப்பாட்டியின் கணவர் இளமையிலேயே இறந்துவிட்டார். பாட்டி திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனிகளில் பிசிர் வெட்டியும் துணி மடித்தும் ஒரே மகளை வளர்த்தார். அந்த மகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தாயோடு அதே வேலைக்குப் போனார். "அந்த ஏக்கரு இருந்திருந்தா குத்தகைக்கு வுட்டாச்சும் புள்ளையப் படிக்க வெச்சிருப்பேன்" என்று பாட்டி சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்திற்று.

அப்பாரு எப்போது மனம் மாறினார்? 1972 தவக்காலத்தில், ஒரு விதவைத் தாய் தம் மகன் எழுதச் சொன்ன பத்திரத்தைப் பற்றி, "இது என்ன பத்திரமுங்க?" என்று கேட்டாராம். கிழவி ஏன் கேட்கிறாள் என்று மகன் அதட்ட, அப்பாரு அன்று முதன்முதலாக ஒரு பத்திரத்தை முழுவதும் வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்த அந்தத் தாய் கைநாட்டு வைக்க மறுத்து எழுந்து போய்விட்டார். அன்றிரவு அப்பாருவுக்குச் சோறு இறங்கவில்லை என்று எங்கள் ஆத்தா சொல்வதுண்டாம். தம் தங்கை கேட்டிருந்தால் அவளும் எழுந்து போயிருப்பாளோ என்ற எண்ணம் அவரைக் குத்தியிருக்க வேண்டும். அன்று முதல் வா.கா.

ஆயினும் தங்கையிடம் அதைச் சொல்ல அவருக்கு 24 ஆண்டுகள் பிடித்தன. பெரியப்பாரு தம் பங்கை விற்று வெளியூர் போய்விட்டார். 1996-ஆம் ஆண்டு நோட்டில் ஒரு தான செட்டில்மெண்ட் இருக்கிறது. அப்பாரு தம் பங்கிலிருந்து தங்கைக்கு 1 ஏக்கர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் குறிப்பின் ஓரத்தில் வா.கா. மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. காரணம் கேட்டோம். "மூணு தரம் வாசிக்கச் சொன்னேன், அண்ணன் அழுதுட்டே வாசிச்சாரு" என்றார் அத்தைப்பாட்டி. "வாங்கிக்கிட்டேன். ஆனா அது வேணுங்கறப்ப வரலை."

அப்பாருவை நாங்கள் இன்றும் நேசிக்கிறோம். அவர் செய்த தவறை மறைக்க வேறொருவராயின் அந்த நோட்டைக் கிழித்திருப்பார், அவரோ 'வா.கா. இல்லை' என்று தம் கையாலேயே தமக்கு எதிராக எழுதி வைத்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்வது குருவோடு போகும். இதை அவர் பேத்திகள் படிக்கும்படி விட்டுச் சென்றார்.

நொத்தாரிசுகளுக்கும் எழுத்தர்களுக்கும் பாதுகாவலராக ஆர்ல் நகரத்துப் புனித ஜெனேசியுசைத் திருச்சபை கொண்டாடுகிறது. திருநாள் ஆகஸ்ட் 25. உரோமைப் பேரரசில் எழுத்தராக இருந்தவர் அவர். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் ஆணையை எழுதிக்கொள்ளும்படி சொன்னபோது எழுதுபலகையை எறிந்துவிட்டு எழுந்து போனார் என்றும், அதற்காகத் தலை வெட்டுண்டு இறந்தார் என்றும் மரபு கூறுகிறது. எழுதத் தெரிந்தவரின் கையில் அதிகாரம் இருக்கிறது. எழுத மறுப்பதும், வாசித்துக் காட்டும்வரை எழுதியதை நீட்டாதிருப்பதும் அந்தக் கையின் கடமை.

பழைய கிரயப் பத்திரங்களில் ஒரு தொடர் தவறாமல் வரும்: 'புத்திர பவுத்திர பாரம்பரியமாய்' ஆண்டனுபவித்துக் கொள்வது என்று. புத்திரன் மகன், பவுத்திரன் பேரன். மகளும் பேத்தியும் எங்கே என்று நாங்கள் அந்த வரியைத் துருவித் தேடினோம், காணவில்லை. ஆனால் அவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பெண்கள் பல காலமாகப் போராடியிருக்கிறார்கள். எண்ணாகமத்தில் செலொபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன் வந்து, மகன் இல்லாததால் எங்கள் தந்தையின் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் நிலம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமே என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். கேரளத்தில் மேரி ராய் என்னும் கல்வியாளர் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், பழைய திருவிதாங்கூர்ப் பகுதியின் சிரியன் கிறிஸ்தவ மகள்களுக்கும் சமபங்கு உண்டு என்றது. இந்துக் குடும்பங்களில், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே திருத்தம் வந்தது. ஆனால் அதற்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ஆம் ஆண்டு மத்திய அரசின் திருத்தம் நாடு முழுவதற்கும் அவ்வுரிமையை அளித்தது. மணமான மகள் என்ற வேற்றுமையும் நீங்கிற்று.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் விடுதலைப் பத்திரம் இன்றும் எழுதப்படுகிறது. மனமொப்பி விட்டுக்கொடுப்பது ஒரு சகோதரியின் உரிமை, அதில் குற்றமில்லை. விட்டுக்கொடுப்பது இன்னதென்று அறியாமல் விட்டுக்கொடுப்பதுதான் குற்றம்; அது அவளுடைய குற்றமன்று.

தோழியரே, நம்மில் யாரும் இன்று கைநாட்டு அல்ல. ஆனால் படிக்காமல் போடும் கையெழுத்தும் கைநாட்டுத்தான். மில்லில் மூன்றாண்டு வேலைக்குச் சேரும் பெண் நீட்டப்பட்ட காகிதத்தில் கையெழுத்திடுகிறாள். மகளிர் குழுக் கடனுக்கு நம் அம்மாமார் பத்து இடத்தில் கையெழுத்திடுகிறார்கள். கைப்பேசியில் 'சம்மதம்' என்ற கட்டத்தைத் தொடும்போது நாமும் அதையே செய்கிறோம். இனி ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்போம்: "இது என்ன பத்திரமுங்க?" அந்த விதவைத் தாய்க்குப் பள்ளிப் படிப்பு இல்லை, அந்த ஒரு கேள்வி அவரைக் காப்பாற்றியது. நம் வீட்டிலும் தெருவிலும் வாசிக்கத் தெரியாதவர் இருந்தால், நாமே வாசித்துக் காட்டுவோம். இப்பள்ளியில் நமக்கு எழுத்தறிவித்த சிஸ்டர்மாருக்கும் ஆசிரியைகளுக்கும் நாம் செலுத்தும் கைம்மாறு அதுவாகட்டும்.

இக்கட்டுரையை ஆண்டு மலருக்குக் கொடுக்குமுன் அத்தைப்பாட்டியின் எதிரில் அமர்ந்து முழுவதும் உரக்க வாசித்தோம். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஐந்நூறு ரூபாய் வந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். முடிந்ததும், "நடந்ததுதான், போடுங்க" என்றார். ஆகவே எங்கள் அப்பாருவின் வழக்கப்படி, ஓரத்தில் சிவப்பு மையில் நாங்களும் எழுதுகிறோம்:

வா.கா.